துரைக்குத் தைத்த மெத்தை

துரையின் முன்னங்கால்களில் காயம் எப்படி வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு கால்களிலும், குளம்புக்கு மேலே கணு மடங்குகிற இடத்தில், முன்பக்கமாகத் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டால் பொருக்குத் தட்டும். ஆறிவிட்டது என்று நினைக்கும்போது பொருக்கு பெயர்ந்து மறுபடி ரத்தம் கசியும். ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை என்றால் அதை லேசில் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை, "நீ போலீசுல சேர்ந்திருக்க வேண்டியவ, மெத்தைக் கடையில வந்து மாட்டிக்கிட்டே" என்று சொல்லிச் சிரிப்பார்.

துரை என்பது எங்கள் மட்டக்குதிரை. யாரோ பெரிய மனிதர் என்று நினைத்து விசாரித்தவர்கள் உண்டு. தவிட்டுத் தொட்டியைத் தரையில் வைத்தால் தொட மாட்டான், நெஞ்சு உயரத்துக்கு ஏந்திப் பிடிக்க வேண்டும். அதனால் துரை. எங்கள் பட்டறையில் தைத்த மெத்தைகளை வண்டியில் இழுத்துப்போய் வீடு வீடாகச் சேர்த்தவன். வேன் வந்த பிறகு அவனுக்கு வேலை இல்லை. பட்டறைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் தின்பதும், போகிறவர் வருகிறவரை மேலும் கீழும் பார்ப்பதுமாக இருந்தான். அவனை விற்றுவிடலாம் என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால்கூட என் தம்பி அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

தம்பி ஐம்பதைத் தாண்டியவன். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டான். பஞ்சு அடிக்கிற மெஷின் அவன் பொறுப்பு, கடை என் பொறுப்பு. கடைக்கு வந்தவர் ஏதாவது கேட்டுவிட்டால் என்னைக் கைகாட்டிவிட்டு உள்ளே நழுவிவிடுவான். துரையிடம் மட்டும் வாய் ஓயாது. இன்றைக்கு வந்த பஞ்சு எப்படி, அக்கா காலையில் எதற்குக் கத்தினாள், ராத்திரி என்ன கனவு வந்தது, எல்லாம் துரைக்குத் தெரியும். கூடப் பிறந்த எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன வருஷம் காலைப் பொழுதுகளில் துரை கொட்டகையை விட்டு வெளியே வர மறுத்தான். நடந்தால் நான்கு கால்களையும் யாரிடமோ இரவல் வாங்கியவன்போல் வைத்தான். கால்நடை டாக்டரம்மா வந்து ஒவ்வொரு காலாகத் தூக்கி மடக்கிப் பார்த்தார்.

"வயசானவங்களுக்கு வர்ற அதே மூட்டுவாதம்தான்" என்றார். "சுத்தமா குணமாகாது. ஆனா வலியைக் குறைச்சு நல்லா வச்சுக்கலாம். இந்தப் பொடியைத் தவிட்டுல கலந்து குடுங்க. ஒரே இடத்துல கட்டிப் போடாதீங்க, காலையும் சாயங்காலமும் மெதுவா நடத்துங்க, நடந்தாத்தான் மூட்டு இளகும். எடை ஏறக் கூடாது. குளம்பை அப்பப்போ சீவி விடச் சொல்லுங்க. அப்புறம், கொட்டகை வெறும் சிமென்ட் தரையா இருக்கே, மெத்துன்னு ஏதாவது போட்டு விடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் தம்பிக்குச் சவாலாகப் போய்விட்டது. மெத்தைக்காரனிடம் மெத்தென்று போடச் சொன்னால் விடுவானா? கொட்டகையில் பஞ்சு மூட்டைகள் போக மிச்சமிருந்த இடத்தை அளந்து, தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும் கொஞ்சம் சிமென்ட்டை விட்டு, ஒரே மெத்தையாகத் தைத்தான். உள்ளே முதல் தரப் பஞ்சு, கல்யாணச் சீருக்குத் தைக்கும்போதுகூட நாங்கள் அவ்வளவு போடுவதில்லை. ஈரம் இறங்காமல் மேலே ரெக்சின் உறை. மூலைகளை நான்தான் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். விரித்துப் போட்ட அன்றைக்குத் தம்பி என்னைக் கூப்பிட்டு, "கையை வச்சுப் பாருக்கா" என்றான். வைத்தேன், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. நான் இந்தத் தொழிலில் பார்த்த மெத்தைகளிலேயே அதுதான் அருமையானது என்று இப்போதும் சொல்வேன்.

பொடியும் நடையும் வேலை செய்தன. துரை காலையில் வெளியே வந்தான், வாசல்வரை நடந்தான், எதிரே இருக்கிற வெல்டிங்காரர் வீட்டு நாயைப் பார்த்து மூக்கு விடைத்தான். எல்லாம் சரியாகிக்கொண்டு வந்த நேரத்தில்தான் இந்தக் காயம்.

முதலில் அந்த நாயைத்தான் சந்தேகப்பட்டேன். வெல்டிங்காரரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். அவர் நிதானமாக, "நாய் கடிச்சா பல் பதியும். இது தேய்ச்ச மாதிரி இருக்கு. வேற யாரையாவது திட்டுங்க" என்றார். அடுத்து குளம்பு சீவ வருகிற லாடக்காரர்மேல் பாய்ந்தேன். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் உங்கள் குதிரைக்கு நீங்களே சீவிக்கொள்ளுங்கள் என்று கிளம்பிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கொட்டகைச் சுவரில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கடைசியில் தைக்கிறவள் புத்தி தையலுக்குத்தான் போனது. பஞ்சு வைத்து இரண்டு பட்டை தைத்து, காயத்தின்மேல் சுற்றிக் கட்டினேன். நாலு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்தால் பட்டையின் பின்பக்கமும் பக்கவாட்டும் புதுசாகவே இருந்தன, முன்பக்கம் மட்டும் நைந்து பஞ்சு வெளியே வந்திருந்தது.

"மண்டி போடுறான்" என்றேன்.

"சாமி கும்பிடுறானோ என்னவோ" என்றான் தம்பி. சிரிப்பதற்காகச் சொன்னான், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா மறுபடி வந்தார். பட்டறை வாசலில் வெளிச்சத்தில் நிறுத்திக் கால்களைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார், ஆனால் தம்பியும் பின்னாலேயே வந்துவிட்டான்.

"நடக்கிறப்போ விழுறானா?"

"இல்லை. நாங்க கூடவே போறோம், ஒரு தடவைகூட விழலை."

"அப்போ நீங்க பார்க்காதப்போ விழுறான். முன்னங்கால் மடங்கிக் கணு தரையில இடிக்குது. ஏன்னு கண்டுபிடிங்கம்மா. இந்த வயசுல ஒரு நாள் தப்பா விழுந்து எலும்பு முறிஞ்சா ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் போவான். அதுக்கு விடுறதைவிட, நாமளே வலி இல்லாம அனுப்பி வைக்கிறது நல்லது. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் பார்ப்போம்."

அனுப்பி வைப்பது என்றால் என்ன என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. துரையின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு முழுக்கக் கொட்டகையிலிருந்து பேச்சுச் சத்தமே கேட்கவில்லை. குதிரை போனால் ஒரு குதிரை போகும், அதோடு என் தம்பியின் வாயும் மூடிக்கொள்ளும், அதை யார் திறப்பது?

மறுநாள் கடையைத் திறக்காமல் தையல் வேலையை எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். துரை என்னை ஒரு பார்வை பார்த்தான், இவளுக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல. காலை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் அவன் தலை மெல்லத் தொங்க ஆரம்பித்தது. கீழ் உதடு சரிந்தது. கண் பாதி மூடியது. எனக்கும் தூக்கம் சொக்கியது, அதனால் எழுந்து நின்றுகொண்டேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவன் தலை இன்னும் இறங்கியது, மூக்கு தரையைத் தொடப் போனது, சட்டென்று முன்னங்கால்கள் இரண்டும் மடங்கின. கணு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சிமென்ட்டில் இடித்தது. விழுவதற்குள் திடுக்கிட்டு எழுந்து, நான்கு கால்களையும் அகட்டி வைத்துக்கொண்டு, தன்னை யார் தள்ளியது என்று சுற்றிலும் பார்த்தான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிவிழுகிற ஆள்தான், வேறு ஒன்றும் இல்லை. இவன் நோயால் விழவில்லை, தூக்கத்தில் விழுகிறான்.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "அவன் படுத்து நீங்க எப்போ பார்த்தீங்க?" என்றார்.

தம்பியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான்.

"குதிரை நின்னுக்கிட்டேதானே தூங்கும்?" என்று போனுக்குக் கேட்கும்படி சொன்னான். வெளியாளிடம் அவன் தானாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"நின்னுக்கிட்டே கண் அசரும். அசந்து தூங்கணும்னா கொஞ்ச நேரமாவது படுத்தே ஆகணும். மாசக்கணக்கா படுக்கலைன்னா, தூக்கம் மீறி வர்றப்போ கால் தானா மடங்கிடும்."

"ஏன் படுக்க மாட்டேங்கிறான்?" என்று நான் கேட்டேன்.

"படுத்தா எந்திரிக்க முடியாதுங்கிற பயம்தான். மூட்டு அந்த அளவுக்கு மோசமாயிருந்தா..." அவர் குரல் இறங்கியது. "தானா படுத்து, தானா எந்திரிக்கணும்மா. அது முடியலைன்னா பொடி குடுத்து ஒண்ணும் ஆகாது. நல்லா மெத்துன்னுதானே படுக்கை போட்டிருக்கீங்க?"

"அதுல குறையே இல்லை டாக்டரம்மா" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

போனை வைத்ததும் மெத்தையைப் போய்ப் பார்த்தேன். மெத்தையைத் தடவினால் யார் படுத்தார்கள், எந்தப் பக்கம் புரண்டார்கள் என்று எங்களுக்குச் சொல்ல வரும். இதில் ஓர் உடம்பு கிடந்த பள்ளம் கிடையாது, ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. ஓரத்தில் மட்டும் நான்கு குளம்புகள் அழுத்திய குழிகள். ஏறிப் பார்த்திருக்கிறான், இறங்கிவிட்டான். இவ்வளவு நல்ல மெத்தையில் ஏன் படுக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒருவேளை ரெக்சின் வாடை பிடிக்கவில்லையோ என்று அதை எலுமிச்சை போட்டுத் துடைத்தேன். தம்பி அதன்மேல் வைக்கோலைத் தூவினான். துரை வைக்கோலை மட்டும் எட்டித் தின்றான்.

மறுநாள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். பெரியவர் கைத்தடியோடு மெதுவாகப் படியேறினார். அவர் வீட்டம்மா நேராகப் போய், இருப்பதிலேயே மென்மையான பஞ்சு மெத்தையை அழுத்திப் பார்த்து, "இவருக்கு முட்டி வலி. இதைக் குடுங்க, மெத்துன்னு இருக்கும்" என்றார்.

நான் எத்தனையோ பேரிடம் சொன்னதை வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. "இவருக்கு இது வேண்டாம்மா. படுக்கிறப்போ சுகமாத்தான் இருக்கும். காலையில எந்திரிக்கக் கை ஊன இடம் இருக்காது, ஊன ஊன உள்ளே போகும். முட்டி வலிக்காரங்களுக்கு நான் பஞ்சு மெத்தை விக்கிறதே இல்லை, கெட்டியா நார் மெத்தை..."

அதோடு நின்றுவிட்டேன். அந்தம்மா, "என்னம்மா ஆச்சு?" என்றார். "கொஞ்சம் உக்காருங்க, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். ஓடுகிற வயசு இல்லை எனக்கு, இருந்தாலும் ஓடினேன்.

தம்பி மெஷின் போட்டுக்கொண்டிருந்தான். சுவிட்சை நான் அணைத்தேன்.

"அந்த மெத்தையை எடுத்துடணும்."

"எந்த மெத்தையை?"

"துரை மெத்தையை."

அவன் முகம் கறுத்தது. "வெள்ளிக்கிழமைக்கு இப்பவே இடத்தை ஒழிக்கிறியா?"

"அடப்பாவி, அவன் எந்திரிக்கணும்னுதான்டா சொல்றேன்."

"வயசான காலத்துல அவனைக் கட்டாந்தரையில போடச் சொல்றியா? நீ போய்க் கடையைப் பாருக்கா. இது உனக்குப் புரியாது."

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கை நீளும். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். துரை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். "உக்காரு" என்றேன் மெத்தையைக் காட்டி. உட்கார்ந்தான், இடுப்புவரை உள்ளே போனான். "இப்போ எந்திரி. எதையும் பிடிக்காதே."

முன்னால் சாய்ந்தான், முடியவில்லை. முழங்காலை ஊன்றினான், முழங்கால் புதைந்தது. கையை ஊன்றினான், கையும் புதைந்தது. என் தம்பிக்கு முட்டியில் ஒரு குறையும் கிடையாது, பஞ்சு மூட்டையைத் தலையில் தூக்குகிறவன். கடைசியில் பக்கவாட்டில் உருண்டு சிமென்ட் தரைக்கு வந்துதான் எழுந்தான். துரை காதை முன்னால் நீட்டி இந்தக் கூத்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முட்டி வலிக்காரங்களுக்கு இதை நாம விக்க மாட்டோம்" என்றேன். "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவன்கிட்ட மட்டும் ரெண்டு பேருக்கும் புத்தி வேலை செய்யலை."

தம்பி மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ இத்தனை மாசமா நான்தான் அவனைத் தூங்க விடாம வச்சிருந்தேனாக்கா?"

நான் மெத்தையின் ஒரு மூலையைப் பிடித்தேன். "மெத்துன்னு போடச் சொன்னாங்க, போட்டோம். மூலையைத் தைச்சது நான்தானே. வருத்தப்பட்டது போதும், அந்தப் பக்கத்தைப் பிடி" என்றேன். இரண்டு பேரும் இழுத்து வெளியே போட்டோம். பிறகுதான் கடையில் உட்கார வைத்தவர்களின் நினைவு வந்தது. அந்தப் பெரியவர் நார் மெத்தையில் படுத்து எழுந்து, படுத்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவைக் கேட்டுத் தரையை மறுபடி போட்டோம். அசையாத கெட்டி ரப்பர் பாய், அதன்மேல் மரச்சீவல். குளம்பு புதையாத அளவுக்கு மிதித்து மிதித்து இறுக்கினோம். குதிரை எழும்போது முன்னங்கால்களை நீட்டி ஊன்றிக்கொண்டுதான் பின்பக்கத்தைத் தூக்குமாம், அதற்கு இடம் வேண்டுமாம். கொட்டகையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பஞ்சு மூட்டைகளை என் சமையலறைக்கு மாற்றினோம். சமைக்கும்போது பஞ்சு பறந்தது, சகித்துக்கொண்டேன்.

துரை புது இடத்தை முகர்ந்தான், காலால் கிளறினான், ஒரு சுற்றுச் சுற்றினான். தம்பி மூச்சுவிடவில்லை. துரை முழங்காலை லேசாக வளைத்தான், பிறகு யோசித்து நிமிர்ந்துகொண்டான். மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு தடவை ஏமாந்தவன், தரையை நம்பவில்லை. மாசக் கடைசி வந்துவிட்டது. தம்பி சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். நான் அவனைத் திட்டவில்லை, அதுவே அவனுக்குப் பயமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை நல்ல குளிர். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நடத்திக் கூட்டி வந்தோம். பொடி போட்ட தவிட்டைத் தின்று முடித்துத் துரை கொட்டகைக்குள் போனான். முகர்ந்தான், கிளறினான், சுற்றினான். மறுபடி சுற்றினான். முன்னங்கால் மடங்கியது. நான் வழக்கம்போல் நிமிரப் போகிறான் என்று நினைத்தேன். அவன் முனகிக்கொண்டே ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொத்தென்று படுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் கழுத்தையும் நீட்டித் தரையில் போட்டான்.

"செத்துட்டானாக்கா?" என்றான் தம்பி.

அதற்குள் குறட்டை கேட்டது. என் வீட்டுக்காரர் விட்ட குறட்டைக்குக் கொஞ்சமும் குறையாத குறட்டை. எதிரே வெல்டிங்காரர் கம்பியை அறுக்க ஆரம்பிக்க, நான் வாசலுக்குப் போய், "உங்க நாயைச் சந்தேகப்பட்டது தப்புதான், இப்போ அந்த மெஷினை நிறுத்துங்க" என்றேன். அவர் நிறுத்திவிட்டு வந்து எங்களோடு நின்றுகொண்டார். துரையின் கால்கள் தூக்கத்தில் ஓடுகிற மாதிரி இழுத்துக்கொண்டன. எங்கே ஓடுகிறானோ என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழித்துக்கொண்டவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான். முன்னங்கால்களை நீட்டி ஊன்றினான். பின்பக்கம் எழவில்லை. நாய் மாதிரி உட்கார்ந்து மூச்சு வாங்கினான். தம்பி பாய்ந்தான், நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுக்கா, அவனுக்கு வலிக்குது."

"தானா எந்திரிக்கணும்டா. நீ தூக்கினா நாளைக்கு டாக்டரம்மா வருவாங்க."

தம்பி என் கையை உதறவில்லை, இறுக்கிப் பிடித்தான். துரை மறுபடி முயன்றான், குளம்பு ரப்பரைப் பற்றியது, உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது, எழுந்துவிட்டான். மரச்சீவல் எங்கள்மேல் எல்லாம் தெறிக்கிற மாதிரி உடம்பை உதறிக்கொண்டு, தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். தம்பி சுவரில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதான். எனக்கும் கண்ணை மறைத்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எந்திரிச்சானா?" என்று கேட்டார்.

"எந்திரிச்சுட்டான். ஒரு தடவை முடியலை, ரெண்டாவது..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே துரை தண்ணீர் சொட்டுகிற வாயோடு திரும்பி வந்தான். முகரவில்லை, கிளறவில்லை. நேராக அதே இடத்துக்குப் போய்க் காலை மடக்கினான்.

"அம்மா? என்னாச்சு?"

"திரும்பப் படுக்கிறான் டாக்டரம்மா."

"தானாவா?"

"தானாத்தான்."

"அப்போ பயம் போயிடுச்சு" என்றார். "நாளைக்கு நான் வரலைம்மா."

தம்பியிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவன் மரச்சீவலில் துரையின் தலைமாட்டில் உட்கார்ந்து, தூங்குகிறவன் காதில் என்னவோ பேசிக்கொண்டிருந்தான்.